காரைக்கட்டிக்கு ஒரு டிக்கெட்

என் மேசையில் யார் யாரோ எதை எதையோ வைத்திருக்கிறார்கள். மனு, பலாப்பழம், தேன் பாட்டில், கல்யாணப் பத்திரிகை. ஒருமுறை காலைக் கட்டிய சேவல்கூட வந்தது. ஆனால் தேங்காய் அளவுக் காரைக்கட்டி ஒன்றை இரண்டு கைகளாலும் தூக்கி, நான் எழுதிக்கொண்டிருந்த கோப்பின் மேலேயே வைத்தவர் அவர் ஒருவர்தான். கட்டியின் ஒரு பக்கம் முழுக்கக் கம்பித் துரு ஒட்டியிருந்தது.

"இது உங்க ஆபீசு சாமான் சார். எங்க கூடத்துல வுழுந்து கெடந்துச்சு, எத்துக்கினு வந்தேன். ரசீது குடுங்க" என்றார்.

நான் அப்போது ஜவ்வாது மலையில் ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியர். ஊர் ஊராகப் போய் அரசுக் கட்டடங்களைப் பார்த்து, எது பழுது, எதற்கு நிதி கேட்கலாம் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. ஓய்வு பெற அதிக நாள் இல்லை. முப்பது வருஷ சர்வீஸ்காரனின் மேசையில் கல்லை வைத்தால் எப்படி இருக்கும்? கோபம் தலைக்கேறியது.

"என்னம்மா இது? ஆபீஸா, குப்பைத்தொட்டியா?"

"நல்லா கீதுன்னு நீங்க எழுதினீங்களே, அந்தக் கூரைதான் சார் இது. நல்லா கீற சாமான எதுக்கு ஊர்ல போட்டு வெக்கணும்? நீங்களே பத்திரமா வெச்சுக்கங்க."

பின்னால் உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட் அம்மாள் சிரிப்பை அடக்கியது என் காதில் விழுந்தது. கட்டியோடு வந்தவர் கையிலிருந்த மனுவை நீட்டினார். அதன் கீழே ஒரு பஸ் டிக்கெட் சோற்றுப் பருக்கையால் ஒட்டப்பட்டிருந்தது.

"பஸ்ஸுல எனக்கு டிக்கெட் இல்ல சார், பொம்பளைங்களுக்கு ஓசி. இந்தக் கட்டிக்குத்தான் லக்கேஜ் போட்டான் கண்டக்டரு. அத்தயும் சேத்துக்கங்க."

அவர் அந்த மலையூரின் அங்கன்வாடி உதவியாளர். பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டு, கால் கழுவிவிட்டு, தூங்கவைக்கிற வேலை. பிள்ளைகள் ஆயா என்றார்கள். ஊரில் அவரைவிட வயதில் மூத்தவர்கள்கூட ஆயாம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். வயது நாற்பத்தைந்து இருக்கும். பெயரை நான் எத்தனையோ கோப்புகளில் எழுதியிருக்கிறேன், இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "எம் பேரு இன்னாத்துக்கு சார், கூரையப் பத்தி எழுதுங்க" என்பார்.

முன்பல் ஒன்று கிடையாது. சிரித்தால் அந்த இடம் முழுசாகத் தெரியும்படிதான் சிரிப்பார், கையால் வாயை மூடமாட்டார். சின்ன வயதில் கொதிக்கிற கஞ்சி கொட்டிக் கழுத்திலிருந்து தோள்வரை வெந்துபோன தழும்பு ஒன்று இருந்தது. மற்றவர்களாக இருந்தால் முந்தானையை இழுத்துப் போர்த்தியிருப்பார்கள். அவர் அப்படியே விட்டிருந்தார். புதிதாகப் பார்க்கிறவர்கள் கண்ணைத் திருப்பிக்கொண்டால், "பாருங்க, ஒண்ணியும் ஆவாது, கஞ்சி கொட்டிக்கினேன்" என்று அவரே சொல்லிவிடுவார். எதையும் மூடிவைக்கத் தெரியாத மனுஷி. அது குணமா, கோளாறா என்று எனக்கு இன்றைக்கும் முடிவாகத் தெரியவில்லை.

அவர் என்னைக் குத்திச் சொன்னதும் பொய்யில்லை. நல்லா கீது என்று எழுதியவன் நான்தான்.

அந்த வருஷம் பழுதான சமுதாயக் கூடங்களைச் சரிசெய்ய அரசு நிதி ஒதுக்கியிருந்தது. எல்லாக் கூடங்களுக்கும் போதாது, எது மோசமோ அதற்கு முதலில். படம் எடுத்து அறிக்கை எழுத வேண்டியவன் நான். அவருடைய ஊரில் கல்யாணம், காதுகுத்து, ஊர்க்கூட்டம் எல்லாமே அந்தக் கூடத்தில்தான். அங்கன்வாடிக்குத் தனிக் கட்டடம் இல்லாததால் பதினெட்டுப் பிள்ளைகளும் பகல் முழுக்க அங்கேதான் இருந்தார்கள்.

நான் வருகிற சேதி நாலு நாளைக்கு முன்பே அந்த ஊருக்குப் போய்விட்டது. அதுதான் வினையாகப் போயிற்று. அந்த ஊரில் ஒரு பழக்கம் உண்டு. வெளியாள் வருகிறார் என்றால் தரையைச் சாணியால் மெழுகாமல் விடமாட்டார்கள். மெழுகாத தரையில் ஒருவரை உட்காரவைப்பது சாவு விழுந்த வீட்டில் மட்டும்தான், அதுவும் காரியம் முடிகிறவரைக்கும். இடிந்ததைக் காட்டினால்தான் பணம் வரும் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். ஆனாலும் வருகிறவர் கண்ணில் ஓட்டை உடைசல் படுவதா என்று மனசு கேட்கவில்லை. எல்லா வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்து, கூடத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கீழே காவிப்பட்டை இழுத்து, பெயர்ந்துபோன தரையில் செம்மண்ணைக் கொட்டி மெழுகி, மாவிலை கட்டி வைத்துவிட்டார்கள். கூரை மட்டும் ஒன்றும் செய்ய முடியாத நிலையில் இருந்தது. அதற்குக் கீழே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை, கல்யாணத்துக்குக் கட்டுகிற பூப்போட்ட பந்தல் துணியை இழுத்துக் கட்டிவிட்டார்கள்.

நான் போய் நின்றபோது கூடம் ஜொலித்தது. துணி எனக்காகச் செய்த அலங்காரம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் ஒரு கிறுக்கு உண்டு, யாராவது மாலையோடு வந்தால் யாருக்கு என்று கேட்காமலே கழுத்தை நீட்டிவிடுவேன். ஊர்க்கவுண்டர், அந்த ஊருக்குத் தலைவர் அவர்தான், என்னை நாற்காலியில் உட்காரவைத்து விசிறச் சொன்னார்.

வாசலில் நின்ற ஒரு பெண், "சார், துணிய அவுத்துட்டுப் பாருங்க" என்றார்.

"ஆயாம்மா, நீ போய்க் கொழந்தைங்களப் பாரு. சார் சாப்பிடட்டும்" என்றார் கவுண்டர்.

அவர் போகவில்லை. மூலையில் இருந்த ஒட்டடைக் கம்பை எடுத்து, துணியைக் கீழிருந்து ஒரு குத்து குத்தினார். துணிக்குள்ளே ஏதோ சரசரவென்று உருண்டு ஓடியது. நான் தலையை நிமிர்த்தினேன். நாட்டுக்கோழிக் குழம்பின் வாசனை வந்துகொண்டிருந்தது. எலியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தலையைக் குனிந்தேன். பிறகு நாலு பக்கமும் படம் எடுத்தேன். சாமைச் சோறும் கோழிக்குழம்பும் சாப்பிட்டேன். 'கட்டடம் நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிவிட்டு, மழை பிடிப்பதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

நிதி வேறு ஊர்களுக்குப் போனது. ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் பந்தல் துணியையும் கிழித்துக்கொண்டு கூரைக் காரை பெயர்ந்து விழுந்தது. பிள்ளைகள் தூங்குவதற்காகப் பாய் விரித்திருந்த இடத்தில் விழுந்தது. பிள்ளைகள் அப்போது வெளியே வரிசையாக நின்று கை கழுவிக்கொண்டிருந்தார்கள். கை கழுவிய நேரத்தால் பதினெட்டு உயிர் தப்பியது. அந்தக் கட்டிகளில் ஒன்றைத்தான் அவர் அரிசிப் பையில் போட்டு என் மேசைக்குக் கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகு அவர் பிள்ளைகளைக் கூடத்துக்குள் உட்காரவைக்கவில்லை. வெயில் அடித்தால் வெளியே புளியமரத்தடி, மழை வந்தால் அவருடைய ஒற்றை அறை வீடு. திங்கட்கிழமைதோறும் அங்கன்வாடி டீச்சரிடம் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்து அலுவலகத்துக்கு வந்துவிடுவார். கையில் ஒரு மனு, பையில் ஒரு கட்டி. மனுவுக்குத் தபால் பிரிவில் சீல் போட்டுத் தருவார்கள். கட்டிக்கு யாரும் சீல் போட மாட்டார்கள். அது சட்டத்தில் இல்லை. ஆனால் வாங்கிக்கொள்ள மாட்டோம் என்று சொல்லவும் சட்டத்தில் வழியில்லை போலிருந்தது. என் மேசைக்குப் பக்கத்துச் சுவரோரம் கட்டிகள் வரிசையாகச் சேர்ந்தன. பெருக்குகிற அம்மாள் ஒருமுறை அவற்றை வெளியே எறியப் போனபோது அவர் தடுத்துவிட்டார். "வேணாம்மா, அதுல எங்க கொழந்தைங்க தலை கீது" என்றார். பெருக்குகிற அம்மாள் அதற்கப்புறம் அவற்றைத் துடைத்து வைக்க ஆரம்பித்துவிட்டார்.

அலுவலகத்தில் எனக்குக் 'கட்டி சார்' என்று பெயர் வைத்தார்கள். திங்கட்கிழமைகளில் நான் வேண்டுமென்றே வெளியூர் ஆய்வு வைத்துக்கொள்ளத் தொடங்கினேன். அப்படி ஒரு திங்கட்கிழமை ஆலங்காயத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வாணியம்பாடிப் புளி வியாபாரி, மலைமேல் புளி வாங்கப் போகிற பாய். எனக்கு முகப் பழக்கம் உண்டு. பேச்சு எப்படியோ அந்த ஊர்ப் பக்கம் போனது.

"அந்த அங்கன்வாடி அம்மாவா? தெரியாம என்னா சார்! ஊர்ல எல்லா மூட்டையும் கைய உள்ள வுட்டு அடிவரிக்கும் பாத்துதான் எடுப்பேன். அவங்க மூட்டைய மட்டும் பிரிக்கறதே இல்ல" என்றார் பாய்.

"அவ்வளவு நல்ல புளியா?"

"எங்க சார்! பாதி வருஷம் சொத்தைதான். 'பாய், மேல நல்லாருக்கும், அடியில பூச்சி. பாத்து வெல போடு'ன்னு அவங்களே சொல்லிடுவாங்க. நம்பளுக்கு அது போதும். பொய் சொல்றவங்க சரக்குக்கு நான் குடுக்கற வெலய விட இவங்க சொத்தைக்கு அதிகமா குடுத்திருக்கேன்."

டீக்குக் காசு கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். பாயிடம் பிரிக்காத மூட்டைக்கு இருக்கிற மதிப்பு என் அறிக்கைக்கு இல்லை என்று தோன்றிவிட்டது.

அவரை நான் தெய்வமாக்கிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அவரைப் பிடிக்காமல் போன நாளும் உண்டு. நான் வெளியே தப்பிப் போக முடியாத, தபால் பிரிவில் சீல் வைக்கிற ஆளும் வராத ஒரு திங்கட்கிழமை, என் மேசைக்கு எதிரே பெஞ்சில் காத்திருந்தபோது அவராகவே சொன்ன கதை அது.

அவருக்கு ஒரே மகள். சின்ன வயதுக் காய்ச்சலில் இடது காது கேட்காமல் போய்விட்டது. மகள் அதை யாருக்கும் தெரியாமல் சமாளிப்பாள், பேசுகிறவர்களின் இடது பக்கமாகப் பார்த்து நின்றுகொண்டு, உதட்டைப் பார்த்துப் பதில் சொல்லுவாள். படவேட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பையனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. தட்டு மாற்றப் போகிற நேரத்தில் இவர் எழுந்து, "ஒண்ணு சொல்லிடறேன், எம் பொண்ணுக்கு ஒரு காது கேக்காது" என்று சொல்லிவிட்டார். வந்தவர்கள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். மகள் ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். ஒரு வருஷம் தாயோடு பேசவில்லை.

"ஏம்மா, அவங்க கேட்டாங்களா? நீங்களா ஏன் சொல்லணும்?" என்றேன். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், அதனால் கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

அவர் பையிலிருந்த கட்டியைக் கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"எம் மேல தப்புதான் சார். அவ கிட்ட கேட்டுட்டு சொல்லியிருக்கணும். அது அவ காது. ஆனா சொல்லாம இருந்திருக்க மாட்டேன்."

இப்போது மகள் பேசுகிறாளா என்று கேட்டேன். பேசுகிறாளாம், போனில். "வலது காதுல வெச்சுப் பேசறா" என்று சொல்லி, பல் இல்லாத இடம் தெரியச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படிப்பட்ட தாயோடு ஒரே வீட்டில் எப்படி இருப்பது என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டிகள் சுவரின் பாதித் தூரத்தை எட்டியபோது யாரோ அவற்றைப் படம் எடுத்துப் போனில் சுற்றவிட்டார்கள். அவர் மாவட்ட மனு நாளிலும் ஒரு கட்டியை வைத்துவிட்டு வந்திருந்தார். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. என் மேலதிகாரியான பொறியாளர் நேரில் போய்ப் பார்ப்பதாக முடிவானது. சேதி சொல்ல முதல் நாளே நான் ஊருக்குப் போனேன்.

போய் இறங்கினால், கூடத்து வாசலில் ஊரே கூடியிருந்தது. ஒரு பக்கம் சுண்ணாம்புத் தொட்டி, ஒரு பக்கம் சாணிக் கூடை, ஒருத்தர் தோளில் புதுப் பந்தல் துணி. கூடம் பூட்டியிருந்தது. சாவி ஆயாம்மாவின் இடுப்பில். அவர் வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"சாவியக் குடு" என்றார் கவுண்டர்.

"முடியாதுண்ணா. வர்ற ஆளு உள்ளத உள்ளபடி பாத்துட்டுப் போவட்டும்."

"நாங்க இன்னா பொய்யா சொல்லச் சொல்றோம்? பெரிய அதிகாரி வர்றாரு. மொழுகாத கூடத்துல அவர நிக்க வெக்கறதா? எந்த வூட்ல சாவு வுழுந்துச்சு?"

"யாரும் சாவலண்ணா. சாவறதுக்கு முன்னாடி காட்டிடலாம்னுதான் சொல்றேன்."

நான் நடுவே புகுந்து, இந்தத் தடவை ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுங்கள் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். ஒருவர் என்னிடம் மரியாதையாகவே சொன்னார்: "நீங்க சும்மா இருங்க சார், இது ஊரு மானம்." நானும் சும்மா இருந்துவிட்டேன். சும்மா இருப்பதில் எனக்கு அப்போது நல்ல பயிற்சி இருந்தது.

ஊர் சொல்லை மீறினால் அங்கே ஒரு தண்டனை உண்டு. மீறியவர் ஊரார் எல்லோர் முன்னாலும் விழுந்து கும்பிட வேண்டும். விழ மறுத்தால் நல்லது கெட்டதுக்கு யாரும் அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டார்கள். கவுண்டர் அதைச் சொல்லிவிட்டார். சாவியைக் கொடு, இல்லையென்றால் விழு. ஆயாம்மாவைத் தெரிந்த எல்லோரும் அவர் விழமாட்டார், சண்டை முற்றும் என்றுதான் நினைத்தார்கள்.

அவர் எழுந்தார். புடவையை இடுப்பில் செருகினார். பெருக்காத அந்த மண்தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ஒரு பக்கம் விழுந்தது போதாதென்று ஊரின் நாலு பக்கமும் திரும்பி விழுந்தார். எழுந்து, முகத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டாமலே நின்றார்.

"வுழுந்துட்டேன். தண்டனை முடிஞ்சுது. சாவி என்கிட்டியே கீது."

முதலில் சாணிக் கூடை வைத்திருந்த பெண் சிரித்தாள். அப்புறம் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை கொடுக்க அந்த ஊரில் வழக்கமில்லை. கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். சுண்ணாம்புத் தொட்டி அங்கேயே காய்ந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று வண்டியைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

மறுநாள் பொறியாளர் வந்தார். என்னைவிட வயதில் சின்னவர், கெட்டவர் இல்லை. ஆயாம்மா பூட்டைத் திறந்தார். உள்ளே குப்பை, செம்மண் குழிகள், நனைந்த சுவர். மேலே கூரையின் கம்பிகள் எலும்பு எலும்பாகத் தெரிந்தன. பொறியாளர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே அவர் தலையில் பொடி உதிர்ந்தது. தட்டிவிட்டுக்கொண்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சார், போன அறிக்கையில நல்ல நிலைன்னு நீங்க எழுதியிருக்கீங்க. இப்போ பழுதுன்னு எழுதினா, அன்னிக்கு ஏன் பார்க்கலேன்னு கேள்வி வரும். ரிட்டயர் ஆகிற நேரத்தில் மெமோ வாங்கிட்டு அலையப் போறீங்களா? மழையில் திடீர்னு முழுசா கெட்டுப்போச்சு, பழுது பார்க்க முடியாதுன்னு எழுதி இடிச்சிடலாம். அங்கன்வாடியைக் கீழ் ஊருக்கு மாத்திடலாம். யாருக்கும் தொந்தரவு இல்லை."

கீழ் ஊருக்குப் போக ஓடையைத் தாண்டி, காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைகள் அங்கே போகாது. சத்துமாவு கிடைக்காது, முட்டை கிடைக்காது. இடித்த இடத்தில் புதுக் கூடம் வருவதை அந்த ஊரில் யாரும் பார்க்கப் போவதில்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். ஆனாலும் எனக்கு அந்த யோசனை கசக்கவில்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

"இன்னா சார் ரகசியம்? கூடத்தப் பத்தின்னா இங்கியே பேசுங்க" என்று ஆயாம்மாவின் குரல் வந்தது. இடுப்பில் ஒரு பிள்ளையோடு நின்றார். ஊரும் பின்னால் நின்றது. கவுண்டரும் வந்திருந்தார்.

பொறியாளர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: இடிக்க வேண்டியிருக்கும், சென்டர் கீழே போகும்.

"செவுரு நிக்குது, அடியில கடக்கால் கெட்டியா நிக்குது. கூரைதான் சார் கெட்டிருக்கு. கூரைய மாத்தினா போதும். இடிக்கறதுன்னா சொல்லி அனுப்புங்க, அன்னிக்கு நான் உள்ள இருப்பேன்."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். கோபமே இல்லாத குரலில், புளி மூட்டையைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"சார், அன்னிக்கு நான் கம்பால குத்தினப்ப சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சு. நீங்க தலைய நிமித்தினீங்க, அப்புறம் குனிஞ்சுக்கினீங்க. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

இத்தனை மாதம், இத்தனை கட்டி, ஒரு மனுவிலாவது இதை அவர் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நானே சொல்வேன் என்று எதிர்பார்த்துத்தான் திங்கட்கிழமைதோறும் என் மேசையைத் தேடி வந்திருக்கிறார். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். என் மேல்தான், வேறு யார் மேல்?

"கேட்டது" என்றேன். "கேட்டுச்சும்மா. எலின்னு நெனச்சுக்கிட்டேன். எலி இல்லேன்னு தெரியும்."

பொறியாளர் என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள். அங்கேயே, அந்தப் பெயர்ந்த தரையில் நின்றுகொண்டு எழுதினேன். முதல் அறிக்கை தவறு, துணியை அவிழ்த்துப் பார்க்கவில்லை, சத்தம் கேட்டும் பார்க்கவில்லை, கூரையை மட்டும் மாற்றினால் கட்டடம் நிற்கும், உடனடியாக நிதி வேண்டும். கையெழுத்துப் போட்டுப் பொறியாளரிடமே நீட்டினேன். அவர் அதை இரண்டு தரம் படித்தார். பிறகு பேனாவைத் திறந்து, "உங்க இஷ்டம்" என்று சொல்லி அடியில் ஒப்பமிட்டார்.

மெமோ வந்தது. பதில் எழுதினேன், இன்னொன்று வந்தது. கணியம்பாடியில் என் வீட்டில் என் மனைவி பேசிய பேச்சை எழுதினால் தனிப் புத்தகமாகும். அதையெல்லாம் சொல்லி இரக்கம் சம்பாதிக்க எனக்கு ஆசையில்லை. அடுத்த நிதி ஒதுக்கீட்டில் அந்த ஊர்க் கூடம் முதலாவதாக வந்தது.

கூரையை முழுக்கப் பெயர்த்துப் புதுத் தளம் போட்டார்கள். ஆயாம்மா தினமும் பிள்ளைகளோடு புளியமரத்தடியில் உட்கார்ந்து, எத்தனை கூடை ஜல்லிக்கு எத்தனை மூட்டை சிமென்ட் என்று சத்தமாக எண்ணிக்கொண்டிருப்பாராம். பிள்ளைகள் அப்படித்தான் எண்ணக் கற்றார்கள் என்று டீச்சர் சொன்னார். ஒப்பந்தக்காரர் என்னிடம் போனில் அழாத குறை.

வேலை முடிந்தது என்று நான் அளவுப் புத்தகத்தில் எழுதிவிட்டால் கடைசித் தவணை ஒப்பந்தக்காரருக்குப் போய்விடும், அதன் பிறகு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம், நல்ல மழையில் போய்ச் சேர்ந்தேன். திறப்பு விழாவுக்கு ஊரே உள்ளே நிரம்பியிருந்தது. ஒப்பந்தக்காரர் லட்டுப் பெட்டியோடு நின்றார். பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. ஒன்று மட்டும் தனியாக, பின் மூலையில், சுவரோரமாக இருந்தது.

"அது உங்களுக்கு சார்" என்றார் ஆயாம்மா.

ஓய்வு பெறப் போகிறவனை மூலையில் உட்காரவைக்கிறாரே என்று ஒரு கணம் மனசு சுருங்கியது. போய் உட்கார்ந்தேன். பின்கழுத்தில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

ஒப்பந்தக்காரர் ஓடிவந்தார். "லேசான ஈரம் சார், ஒரு மூலைதான். நாலு வெயில் பட்டா தானா அடைஞ்சிடும். இந்தப் பக்கம் வந்து உக்காருங்க சார்."

"இங்கியே உக்காந்து எழுதுங்க சார்" என்றார் ஆயாம்மா.

லட்டுப் பெட்டி திறந்தபடி இருந்தது. விழா நாளில் வந்தவர் தலையில் தண்ணீர் சொட்டுவது அந்த ஊருக்கு எப்படிப்பட்ட அவமானம் என்று எனக்குத் தெரியும். எல்லோரும் கவுண்டரையே பார்த்தார்கள். அவர் எழுந்து முன்வரிசையிலிருந்த தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் பக்கத்தில் போட்டு, என் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார். ஒரு சொட்டு அவர் நெற்றியில் விழுந்து மூக்கு வழியாக இறங்கியது. துடைக்கவில்லை.

"ஒழுவுது. எழுதுங்க சார்" என்றார்.

அளவுப் புத்தகத்தை மடியில் விரித்தேன். 'பணி முடிவடையவில்லை' என்று எழுதத் தொடங்கியபோது முதல் எழுத்தின் மேலேயே ஒரு சொட்டு விழுந்து மை கலைந்தது. அதன் மேலேயே, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி, மறுபடி எழுதினேன்.